ஹேண்ட் பிரேக்: நட்டை முறுக்குமுன்

கூரம் போன்ற ஊர்களில் ஹேண்ட் பிரேக்கை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள வயல்வெளி ஊர்களெல்லாம் சமதரை, நிறுத்திய இடத்தில் வண்டி நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேட்டைப் படித்தால் அந்தச் சமதரை கொஞ்சம் சாய்ந்துவிடும். பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற வாய்க்கால் வழியே பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை அது சொல்கிறது. மோட்டார் இல்லாத காலத்தில் நீர் ஏரிக்கு வந்தது என்றால், கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று அங்கே இருந்தது என்றே பொருள். வாய்க்காலுக்கு 100 மீட்டரில் சில சென்டிமீட்டர் இறக்கம் போதும். கார் அவ்வளவு எளிதில் நகராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காற்று சரியாக நிரம்பிய டயரோடு தார்ச்சாலையிலோ சிமெண்டுத் தரையிலோ நிற்கும் காரை உருளவிடாமல் தடுக்கும் எதிர்ப்பு, அதன் எடையில் ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடுதான். மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம் கிடைத்தால் நியூட்ரலில் நிற்கும் வண்டி கிளம்பிவிடும். வாசலில் மழைநீர் தேங்காமலிருக்கக் கொத்தனார் கொடுக்கும் வாட்டமே அந்த அளவை எட்டிவிடும். சாலையிலிருந்து ஏரிக்கரைக்கு ஏறும் சரிவு இதைப்போலப் பல மடங்கு. ஆகவே சமதரை ஊரில் ஹேண்ட் பிரேக் தேவைப்படாது என்பது சரியல்ல. அது கெட்டுப்போனால் உடனே தெரியாது என்பதுதான் உண்மை. மலையூரில் ஒரே நாளில் வெளிப்படும் கோளாறு இங்கே ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஒளிந்திருக்கும் கோளாறு பெரும்பாலும் முதலில் வெளியே தெரிவது லிவரில்தான். முன்பு ஐந்து, ஆறு கிளிக்கில் பிடித்த லிவர் இப்போது பத்து, பன்னிரண்டு கிளிக் வரை மேலே வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் இதற்கு ஐந்து நிமிட வைத்தியம் உண்டு. இருக்கைகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கேபிள் நட்டை நாலு சுற்று முறுக்கினால் லிவர் பழையபடி ஐந்து கிளிக்கில் நிற்கும். வீட்டில் தாமே செய்து பார்ப்பவர்களும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், ஏனென்றால் எட்டும் இடத்தில் இருக்கும் ஒரே நட்டு அது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள கார்களில், அதாவது நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில், இந்த வைத்தியம் பெரும்பாலும் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். லிவர் உயர்வது நோய் அல்ல. டிரம்முக்குள் நடப்பதைக் காட்டும் அளவு. நட்டை முறுக்கினால் காட்டும் அளவு மாறும், உள்ளே நடப்பது அப்படியே இருக்கும்.

இது ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கில் எண்ணெயும் இல்லை, வேக்குவம் உதவியும் இல்லை. கையின் பலத்தை நெம்புகோல்கள் மட்டுமே பெருக்குகின்றன. லிவரின் கைப்பிடியை 20 கிலோ விசையோடு இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். லிவர் அதை 7 மடங்காக்கினால் கேபிளில் 140 கிலோ. அந்த 140 கிலோவை, இரு கேபிள்களையும் கோத்து நிற்கும் சமன்தகடு இடமும் வலமுமாக 70, 70 என்று பிரிக்கிறது. டிரம்முக்குள் பிரேக் ஷூவோடு இணைந்த இன்னொரு சிறு லிவர் அதை 4 மடங்காக்கினால், ஒவ்வொரு சக்கரத்திலும் ஷூக்களை விரிக்கும் விசை 280 கிலோ. வண்டிக்கு வண்டி விகிதம் மாறும், ஆனால் அளவு ஏறத்தாழ இதுதான். விசையைப் பெருக்கும் நெம்புகோல் தூரத்தைச் சுருக்கும் என்பது பள்ளிப் பாடம். அதையே திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். லைனிங் தேய்ந்து ஒவ்வொரு ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே வெறும் அரை மில்லிமீட்டர் இடைவெளி கூடினால், இரண்டு ஷூக்களும் சேர்ந்து 1 மி.மீ. கூடுதலாக விரிய வேண்டும். அதற்குக் கேபிள் 4 மி.மீ. நகர வேண்டும், கைப்பிடி 28 மி.மீ. உயர வேண்டும். அது இரண்டு, மூன்று கிளிக். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத தேய்மானத்தை லிவர் 28 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. இத்தனை நுட்பமான அளவுகோல் காரில் வேறெங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

தேய்மானத்தை ஈடுகட்ட டிரம்முக்குள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு ஷூக்களுக்கும் நடுவே ஒரு தண்டு, அதில் மரை, மரையின்மேல் பல் வெட்டிய சிறு சக்கரம். கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூக்கள் ஓரளவுக்கு மேல் விரிந்தால், ஒரு சிறு கொக்கி அந்தப் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிடும். தண்டு நூலளவு நீளும். தேய்ந்த இடைவெளி நிரம்பும். ஓட்டுபவர் அறியாமலேயே இது நடந்துகொண்டிருக்கும். பல வண்டிகளில் தண்டின் ஒரு முனை நிற்பது ஹேண்ட் பிரேக்கின் உள் லிவர்மீதுதான். கேபிள் தளர்ந்து அந்த லிவர் தன் இருப்பிடத்துக்கு முழுமையாகத் திரும்பினால்தான் கொக்கி அடுத்த பல்லைப் பிடிக்க முடியும். கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினால் உள் லிவர் சற்றே இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், ஷூக்களும் ஏற்கெனவே கொஞ்சம் விரிந்தே இருக்கும். அதற்குப் பிறகு கால் பிரேக்கை எத்தனை முறை மிதித்தாலும் கொக்கி பல்லைத் தள்ளும் அளவுக்கு ஷூ நகராது. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அங்கேயே முடங்கிவிடும். லைனிங் தொடர்ந்து தேயும், லிவர் மீண்டும் உயரும், மறுபடி நட்டை முறுக்குவோம். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்க இறங்கக் குழாயைக் கீழே இறக்கிக்கொண்டே போவதைப் போன்றது இது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை மட்டம் இறங்குவது யாருக்கும் தெரியாது. கடைசியில் நட்டில் முறுக்க மரையே மிச்சமிருக்காது. அதற்குள் கால் பிரேக்கின் பெடலும் தாழ்ந்திருக்கும், ஏனென்றால் ஹேண்ட் பிரேக்குக்கும் பின்சக்கரக் கால் பிரேக்குக்கும் ஷூ ஒன்றுதான்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இங்கே மறுக்கக்கூடும்: கேபிள் நீளுவது உண்மை, அதற்காகத்தானே அந்த நட்டையே வைத்திருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. புதிய கேபிளில் எஃகு இழைகள் ஒன்றோடொன்று படிந்து, வெளி உறையும் தன் இருக்கையில் அமர்வதால் முதலில் சிறிது தளர்வு வரும். அப்போது நட்டை முறுக்குவது சரியே. அதன் பிறகு நல்ல கேபிள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போவதில்லை. எனவே கேபிளா, ஷூவா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு ஸ்பேனரே வேண்டாம், கால் போதும். லிவரும் உயர்ந்து, கால் பிரேக் பெடலும் வழக்கத்தைவிடத் தாழ்ந்து பிடித்தால், அல்லது இரண்டாம் முறை மிதித்தால்தான் உயரத்தில் பிடித்தால், கோளாறு டிரம்முக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். பெடல் முன்போலவே உயரத்தில் உறுதியாக இருந்து லிவர் மட்டும் உயர்ந்திருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். லிவர் நாலே கிளிக்கில் கல்லாக இறுகியும் வண்டி நிற்கவில்லையா? இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகி, கையின் விசை சக்கரத்தை எட்டவில்லை, அல்லது வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கிறது. இரண்டாவதாக இருந்தால் வீட்டு வைத்தியம் அங்கேயே முடிந்தது, எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயன் இல்லை. லிவரை இறக்கிய பிறகும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால், லிவரின் சுவிட்சைக் குறை சொல்லுமுன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்துச் சிக்கல். காஞ்சிபுரம் ஏரிகளின் நாடு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஏரிக்கரைச் சாலைகளிலும் வயல் பாதைகளிலும் ஓடும் வண்டியின் அடிப்பாகம் சேற்றில் குளிக்கும். கேபிளின் முனையில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீர் உள்ளே இறங்கி, வெயில் காலத்திலும் வெளியேறாமல் தங்கும். பயன்படுத்தாத கேபிள்தான் முதலில் இறுகும் என்பது இன்னொரு விந்தை. சமதரை என்று சொல்லி ஹேண்ட் பிரேக்கையே தொடாமல் ஓட்டுபவரின் கேபிள், ஏற்காட்டில் தினமும் இழுபடும் கேபிளைவிட விரைவில் உறையோடு ஒட்டிக்கொள்ளலாம். மறுபக்கம், மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். தினமும் ஓடும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக், நாள்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்குக் கியரும் சக்கரத்துக்குக் கட்டையும் என்று பிரித்துக்கொள்வதே இந்தப் பருவநிலைக்குப் பொருந்தும்.

இனி வேலைக்கு வருவோம். ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய அதை விடுவிக்க வேண்டும். கியரையும் நியூட்ரலில் வைக்க வேண்டும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் எதுவுமே இல்லாத அந்த நேரத்தில்தான் அதை ஜாக்கியில் ஏற்றுகிறோம். ஆகையால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். செங்கல் வேண்டாம், சுமையில் நொறுங்கும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. வேலை செய்ய இருபக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன்மீது இறக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லை என்றால் மேலே சொன்ன கால் சோதனையோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போவதே அறிவு. பிறகு கேபிள் நட்டை முறுக்காமல், நேர்மாறாக, முழுக்கத் தளர்த்த வேண்டும். வரிசையின் மர்மம் இதில்தான் இருக்கிறது: கேபிள் தளர்ந்தால்தான் உள் லிவர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பும், டிரம்மும் எளிதில் வரும். வராவிட்டால், பல டிரம்களில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். சுத்தியலால் அடித்துப் பெயர்ப்பது பேரிங்குக்குச் செய்யும் துரோகம். டிரம்மும் பேரிங்கும் ஒரே துண்டாக வரும் கார்களில் நடுநட்டைத் திறக்க வேண்டியிருக்கும். அந்த நட்டுக்குச் சரியான முறுக்கு விசை தேவை என்பதால் அது வீட்டு வேலை அல்ல.

டிரம்முக்குள் கருந்தூள் படிந்திருக்கும். வாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது, இன்றைய தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஈரத்துணியால் துடைத்தால் போதும். லைனிங்கின் கனம், டிரம்மின் உள்சுவரில் விழுந்திருக்கும் தடம், வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியடியில் ஈரம், இந்த மூன்றையும் பாருங்கள். லைனிங் 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் சரிசெய்வதற்கு எதுவும் இல்லை, மாற்ற வேண்டியதுதான். இரண்டு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். எல்லாம் நலம் என்றால் பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அதுவே உங்கள் நோயின் வேர். கழற்றித் தூசு நீக்கி, மரையில் மட்டும், வெப்பம் தாங்கும் கிரீஸ் துளி வைத்து மாட்டலாம். பிறகு டிரம் உள்ளே போகும்போது ஷூ மெல்ல உரசும் அளவுக்குப் பல்சக்கரத்தைத் திருப்பி, டிரம்மை மாட்டி, கால் பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். ஷூக்கள் நடுவில் அமர்வதும், மிச்ச இடைவெளியைக் கொக்கி தானே நிரப்புவதும் அந்த மிதியில்தான். இவ்வளவுக்கும் பிறகே கேபிள் நட்டு. உங்கள் காரின் கையேடு சொல்லும் கிளிக் எண்ணிக்கை, பெரும்பாலும் 4 முதல் 9க்குள், வரும்வரை முறுக்கி, லிவரை முழுக்க இறக்கிப் பின்சக்கரங்களைக் கையால் சுற்றுங்கள். இரண்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும். ஒன்று பிடித்தால் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள்; உரசும் பிரேக்கோடு ஓடும் டிரம் சூடேறி, பெட்ரோலைத் தின்று, லைனிங்கைத் தீய்த்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். மேனுவல் காரில் கியர் நல்ல துணைதான். ஆனால் அங்கே வண்டியைத் தடுப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம். அது பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசியக் கசிய, செங்குத்தான சரிவில் வண்டி சிறுகச் சிறுக நகரும். ஆட்டோமேட்டிக் காரில் பார்க்கிங் நிலையில் சக்கரத்தைப் பூட்டுவது கியர்பெட்டிக்குள் உள்ள சிறு எஃகுக் கொக்கி ஒன்று. அதை மட்டுமே நம்புவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு 2016 ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது போதும். நடிகர் ஆன்டன் யெல்ச்சின் தன் ஜீப் கிராண்ட் செரோக்கியைச் சரிவான வீட்டுப் பாதையில் விட்டு இறங்கினார். வண்டி பின்னால் உருண்டு அவரை நசுக்கிக் கொன்றது. அந்த மாடலின் கியர் குமிழ் தள்ளியதும் நடுவுக்கே திரும்பிவிடும், எந்த நிலையில் இருக்கிறது என்று கை உணராது. அதே குமிழ் கொண்ட 11 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளை நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்னரே திரும்ப அழைத்திருந்தது. மனிதர் மறக்கும் இடத்திலும், இயந்திரம் குழப்பும் இடத்திலும் இரண்டாவதாக ஒரு பிடி வேண்டும் என்பதால்தான் இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கால் பிரேக்கையும் பார்க்கிங் பிரேக்கையும் ஒன்றையொன்று சாராத இரு அமைப்புகளாகக் கேட்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 126ஆம் பிரிவோ, ஓட்டுநர் இறங்கிப்போகும் வண்டி தானாக நகராதபடி இன்ஜினை நிறுத்தி பிரேக் போட வேண்டும் அல்லது வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. சக்கரத்தடியில் கல் வைப்பவரும் இந்த ‘வேறு ஏற்பாட்டில்’ அடங்குவார் என்று வாதிட இடமிருக்கிறது. கல்லை எடுக்க மறந்து கிளம்புபவரைச் சட்டம் கவனித்ததாகத் தெரியவில்லை.

பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள கார்களுக்கும் வாதம் மாறாது. காலிப்பரோடு கேபிள் இணைந்த வகையிலும் தேய்மானத்தை ஈடுகட்டுவது பிஸ்டனுக்குள் உள்ள மரைதான், கேபிள் நட்டு அல்ல. அங்கே கூடுதலாக ஒரு குணம் உண்டு: சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், பிடி தளரும். மலையிறங்கி வந்து நிறுத்தியவர்கள் லிவரை ஒரு கிளிக் அதிகமாக இழுத்துக் கியரிலும் போட வேண்டும். டிரம்மில் இது தலைகீழ். ஆறும் டிரம் ஷூக்களை நோக்கிச் சுருங்குவதால் பிடி இறுகும். பட்டனை அழுத்தினால் போடும் மின் பிரேக் உள்ளவர்கள் ஸ்பேனரை உள்ளே வைத்துவிடலாம். அதற்குக் கருவி மாட்டி மோட்டாரைப் பின்வாங்கச் செய்யாமல் காலிப்பரைத் தொடவே கூடாது.

சரிசெய்த ஹேண்ட் பிரேக்கைச் சமதரையில் சோதித்துப் பயனில்லை. ஐ.நா.வின் 13-எச் விதிமுறை, சுமையேற்றிய காரை 20 விழுக்காட்டுச் சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் பார்க்கிங் பிரேக் நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்குக் கை கொடுக்கும் விசை 400 நியூட்டனை, அதாவது சுமார் 40 கிலோவைத் தாண்டக் கூடாது. 1,200 கிலோ எடையுள்ள கார் அந்தச் சரிவில் சுமார் 235 கிலோ விசையோடு கீழே இழுக்கும். மூக்கு கீழ்நோக்கி நிற்கும்போது சோதனை கடினம், ஏனென்றால் எடை முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. ஹேண்ட் பிரேக் பிடிக்கும் பின்சக்கரங்கள் இலேசாகி, சரளைக்கல்லில் பூட்டியபடியே வழுக்கக்கூடும். ஏலகிரியின் 14 கொண்டைஊசி வளைவுகளுக்கோ திருத்தணி மலைப்பாதைக்கோ குடும்பத்தோடு புறப்படுவதற்கு முன், ஆள் நடமாட்டம் இல்லாத வேளையில் தார் போட்ட ஏரிக்கரைச் சரிவு ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். இன்ஜின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், வலது கால் பிரேக் பெடல்மீதே இருக்கட்டும். லிவரை இழுத்துவிட்டுக் காலை மெல்லத் தளர்த்துங்கள். வண்டியைத் திருப்பி, மறுபக்கம் பார்க்க நிறுத்தி, இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டில் எந்தப் பக்கமாவது ஓர் அங்குலம் நகர்ந்தாலும் நட்டை இன்னொரு சுற்று முறுக்காதீர்கள். அன்றே டிரம்மை மறுபடி திறக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள்.